பத்து ஆடும் ஒரு குட்டியானையும்

குடியகற்றலைப் பற்றிப் பேசும்போது நாம் வீட்டைப் பேசுகிறோம், பாதியில் நிற்கும் படிப்பைப் பேசுகிறோம், கைவிட்டுப் போகும் வேலையைப் பேசுகிறோம். ஆடு, கோழியை யாரும் பேசுவதில்லை. ஆனால் நிலமில்லாத ஒரு தலித் பெண்ணிடம் அவசரத்துக்குக் காசாக்கக்கூடிய சொத்து என்று ஏதாவது இருந்தால், அது பெரும்பாலும் அதுதான். பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸோ, ஆஸ்பத்திரிச் செலவோ, ஒரு கிடாவைப் பிடித்துக் கொடுத்தால் அன்றைக்கே கையில் பணம்.

நான் வேலை செய்வது நாவலூரைச் சுற்றியுள்ள பகுதிகளில். பழைய மகாபலிபுரம் சாலையில் போகிறவர்களுக்கு நாவலூர் என்றால் ஐ.டி. கம்பெனிகள். அதற்குப் பக்கத்திலேயே செம்மஞ்சேரி. இன்னும் வடக்கே பெரும்பாக்கம், கண்ணகி நகர். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் பிற பகுதிகளிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களை 2000-ஆம் ஆண்டு முதல் கொண்டுவந்து வைத்த இடங்கள் இவை. கரையோரக் குடிசையில் ஆட்டுக்கு ஒரு மூலை கிடைத்தது. அடுக்குமாடியில் எங்கே கட்டுவது? காலி செய்யச் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்பே வியாபாரிகள் வந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பேரம் பேச இவர்களுக்கு நேரமில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

போன வருஷம், ஏரிப் புறம்போக்கில் குடியிருந்த ஓர் அக்காவுக்கு இதே நிலை. ஆறாவது மாடியில் வீடு ஒதுக்கியிருந்தார்கள். கையில் பத்து உருப்படி. வியாபாரி சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, “கறி விலைக்குக்கூட கேக்க மாட்டேங்கறான்மா” என்றார். வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் அவருடைய தங்கை இருக்கிறார். அங்கே வாரத்துக்கு விடலாம், பிறக்கும் குட்டிகளில் ஆளுக்குப் பாதி என்று அக்காவும் தங்கையும் பேசி முடிவெடுத்தார்கள். திருப்போரூர், செங்கல்பட்டு, மதுராந்தகம் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம்.

கால்நடைகளை வண்டியில் ஏற்றுவதற்குச் சட்டம் இருக்கிறது. 2015-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த திருத்தத்தின்படி, வண்டியில் ஒரு ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர் இடம் வேண்டும். குட்டியானையின் தளம் ஏறத்தாழ 3 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் பத்து ஆடு. அதற்கு மேல் ஒன்றுகூட ஏற்றக் கூடாது. 1978-இன் கால்நடைப் போக்குவரத்து விதிகள் இன்னும் விவரமாகச் சொல்கின்றன. பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் சான்றிதழ் தர வேண்டும். தளத்தில் 5 செ.மீ. கனத்துக்காவது வைக்கோல் பரப்ப வேண்டும். காலைக் கட்டக் கூடாது. காயப்படுத்தக்கூடிய வேறு சரக்கைக் கூட ஏற்றக் கூடாது. ஆடுகளைப் பொறுத்தவரை இந்த 1978 விதிகள் ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கானவை. எங்கள் பயணம் அதைவிடக் குறைவுதான். இருந்தும் அப்படியே பின்பற்றினோம்.

முந்தின நாள் மருத்துவரிடம் காட்டினோம். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி முன்பே போட்டிருந்தது. பத்தில் ஒன்று நிறைசினை. அதை ஏற்ற வேண்டாம் என்றார் மருத்துவர். குட்டி ஈன்று தேறும் வரை பக்கத்து வீட்டில் விட ஏற்பாடு செய்தோம். மற்ற ஒன்பதையும் விடியற்காலை நான்கு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்பே கிளப்பினோம். வயிறு முட்டத் தீனி போடவில்லை. கொஞ்சம் தழை, தண்ணீர். சாக்கு விரித்து மேலே வைக்கோல். முட்டுகிற கிடாவைப் பலகை வைத்துத் தனியாகத் தடுத்தோம். தார்ப்பாயை மேலே மட்டும் கட்டி, பக்கவாட்டில் காற்றுக்கு விட்டோம். டிரைவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: சடன் பிரேக் வேண்டாம். அக்கா முன்சீட்டில், நானும் ஒரு தோழரும் பின்னால் பைக்கில். மதுராந்தகம் தாண்டி நிறுத்தித் தண்ணீர் காட்டினோம். போய்ச் சேர்ந்த பிறகும் தங்கையின் ஆடுகளோடு உடனே கலக்காமல் இரண்டு வாரம் தனியாகக் கட்டினார்கள்.

வழியில் ஓரிடத்தில் போலீஸ் நிறுத்தியது. முதல் கேள்வியே “எங்க தூக்கினது?” என்றுதான் வந்தது. அடுத்த கேள்வி எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு. சான்றிதழைக் காட்டிய பிறகுதான் குரல் இறங்கியது. ஆடு காணாமல் போனால் முதலில் சேரிக்குள் வந்து தேடுகிற வழக்கம் நமக்குப் புதிதில்லை. 2002 அக்டோபர் 15 அன்று ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டத்தில், துலினா போலீஸ் சாவடி அருகே, பசுவைக் கொன்றதாகப் பரவிய வதந்தியால் ஐந்து தலித்துகள் அடித்தே கொல்லப்பட்டார்கள். ஆட்டுக்கு இங்கே அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனால் கால்நடையோடு சாலையில் போகும் தலித் மீது எழும் முதல் சந்தேகம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதனால்தான் அந்தக் காகிதத்தை அக்காவின் பெயரிலேயே வாங்கி, அவர் கையிலேயே கொடுத்து வைத்திருந்தோம்.

இனி சட்டத்தின் இன்னொரு பக்கம். 2013-இன் நிலம் கையகப்படுத்தல், மறுவாழ்வு, மறுகுடியமர்வுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் படியுங்கள். இடம்பெயரும் குடும்பத்துக்கு ஆட்கள், பொருட்கள், கால்நடைகள் எல்லாவற்றையும் கொண்டுபோக 50,000 ரூபாய் என்று இருக்கிறது. கால்நடை வைத்திருந்தால் கொட்டகைக்குக் குறைந்தது 25,000 ரூபாய். மூன்றாம் அட்டவணையில் கால்நடைக்குக் குடிநீர், மேய்ச்சல் நிலம்கூட உண்டு. ஆக, இடம்பெயர்கிறவருக்கு ஆடுமாடு இருக்கும் என்பது அரசுக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் புறம்போக்கில் இருப்பவர் ‘ஆக்கிரமிப்பாளர்’. அவருக்கு இந்த அட்டவணைகள் எட்டுவதில்லை. கூவம் கரைக் குடும்பங்களுக்கு இடமாற்றப்படி 5,000 ரூபாய்தான். பட்டா இருந்தால் மாடும் கணக்கில் வரும். பட்டா இல்லையென்றால் மனிதரே அரைக்கணக்கு. தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவர்கள் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

2011-இல் இதே தமிழ்நாட்டில்தான் கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு நான்கு ஆடுகள் இலவசமாகக் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. ஆடு ஏழையின் வாழ்வாதாரம் என்று அரசே ஒப்புக்கொண்ட திட்டம் அது. குடியகற்றலுக்கு முன் எடுக்கும் கணக்கெடுப்புகளில் நான் பார்த்த படிவங்களில் டி.வி.க்குக் கட்டம் இருந்தது, ஃபிரிட்ஜுக்கு இருந்தது. ஆட்டுக்கு இல்லை.

தோழர்களே, அடுத்த முறை ஒரு குடியிருப்புக்கு நோட்டீஸ் வந்து நீங்கள் கணக்கெடுக்கப் போனால், “ஆடு, மாடு, கோழி எத்தனை?” என்று கேட்டு எழுதுங்கள். எண்ணிக்கையோடு போட்டோவும் எடுத்து வையுங்கள். மனுவில் மூன்று கோரிக்கைகளைச் சேருங்கள்: கால்நடைகளுக்குத் தனி வண்டி, மருத்துவச் சான்றிதழுக்கு அங்கேயே ஒரு முகாம், புதிய இடத்தில் தரைத்தளத்தில் பொதுக் கொட்டகை. அவசரத்துக்கு 1962-ஐ அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். அந்த எண்ணை அங்கிருக்கும் பெண்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள். வியாபாரி வருவதற்கு முன்பே நாம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.