ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும்

பழைய உடுப்பின் மேல் இத்தனை பைத்தியமா என்று வீட்டில் கேட்காத நாளில்லை. நான் சேர்ப்பது இரண்டாம் உலகப் போரில் விமானப் படையினர் அணிந்த தோல் ஜக்கெட்டுகள். இங்கிலாந்தின் நோர்விச் நகருக்குத் தொழிலுக்கு வந்த பிறகு தொற்றிக்கொண்ட பழக்கம் இது. இந்நகரைச் சுற்றியிருக்கும் வயல்வெளிகளில்தான் அன்று அமெரிக்கரின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் நின்றன.

அமெரிக்க விமானிகளின் ஏ-2 ஜக்கெட் 1931இல் வழக்கத்துக்கு வந்தது. பெரும்பாலும் குதிரைத் தோல். முன்னால் ஸிப், இடுப்பிலும் மணிக்கட்டிலும் பின்னிய கம்பளிப் பட்டி. கழுத்தின் உட்புறத்தில் தைத்த கம்பனியின் பெயரும் ஒப்பந்த இலக்கமும் அளவும் கொண்ட ஒரு துணித்துண்டு இருக்கும்.

2006இல் ஒரு ஞாயிற்றுச் சந்தையில் 120 பவுணுக்கு ஒன்று அகப்பட்டது. முதுகில் ஒரு விமானத்தின் பெயரை வர்ணத்தில் எழுதி, அதன் கீழே 17 சிறிய குண்டுகளை வரைந்திருந்தார்கள். ஒரு குண்டு என்றால் ஒரு தாக்குதல் பயணம். நெஞ்சில் இருந்த பெயர்ப்பட்டி பிய்ந்து, ஊசித் துளைகள் மட்டும் எஞ்சியிருந்தன. உட்துணியில் மங்கலாக 'எச்' என்ற எழுத்தும் நான்கு இலக்கங்களும். வெளுக்கப் போடும் உடுப்பு மாறிவிடாமலிருக்க, குடும்பப் பெயரின் முதலெழுத்தையும் படை இலக்கத்தின் கடைசி நான்கையும் இப்படிக் குத்தி வைப்பார்கள்.

மனைவி அந்தக் குண்டுகளை விரலால் எண்ணினாள்.

"இதெல்லாம் போய் விழுந்த ஊர்லயும் ஆக்கள் இருந்திருப்பாங்களே?"

1942 ஏப்ரல் 5இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டபோது, கைக்குழந்தையுடன் ஊரை விட்டு ஓடியவர் அவளுடைய உம்மும்மா. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? அன்று முதல் அந்த ஜக்கெட்டை முதுகுப் பக்கம் தெரியாமல் அலுமாரியில் தொங்கவிட்டேன்.

நோர்விச்சில் அந்த அமெரிக்கர்களின் நினைவாக ஒரு நூலகம் உண்டு. 1963இல் திறந்தது, 1994இல் தீயில் எரிந்து, 2001இல் மீண்டும் திறந்தது. விமானத்தின் பெயரைக் கொண்டு அதில் பறந்த பத்துப் பேரின் பட்டியலை அங்கேதான் தேடிப் பிடித்தேன். 'எச்' இருவர். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் படையில் சேர்ந்தோர் ஏறக்குறைய 90 இலட்சம் பேரின் பதிவுகளை இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் ஒருவருடைய இலக்கம் சரியாகப் பொருந்தியது. அயோவா மாநிலம், பண்ணை வேலை. அவருடைய முழுக் கோவை கிடைக்கவில்லை. 1973 ஜூலை 12இல் சென் லூயிஸில் மூண்ட தீயில் 1 கோடி 60 இலட்சத்துக்கு மேற்பட்ட படைக் கோவைகள் அழிந்தன, அதிலே அதுவும் போய்விட்டது. காகிதம் எரிந்துபோக, தோல் தப்பியிருக்கிறது.

காணாமற்போன விமானங்களின் அறிக்கைகளில் மீதி இருந்தது. ஒரு காலத்தில் 25 பயணம் முடித்தவருக்கு வீடு திரும்ப அனுமதி இருந்தது. இவர் 1944இன் தொடக்கத்தில் 18ஆவது பயணத்திலிருந்து திரும்பவில்லை. மேலே பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகைக் குளிருக்கு ஏ-2 போதாது, தடித்த உடுப்புத்தான் அணிவார்கள். ஆகவே இது குடிலில் ஆணியிலே தொங்கியிருக்க வேண்டும்.

அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பதை அவ்வூர்ப் பழைய பத்திரிகை சொன்னது. 2008இல் விலாசமும் கிடைத்தது. இனி எழுதுவதை எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த விலாசத்தை ஆறு வாரம் மேசை லாச்சியில் வைத்திருந்தேன். அதற்குள் ஒரு வியாபாரி 2,000 பவுண் தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கும் நான் மசியவில்லை. பணத்தை விட, ஜக்கெட்டை விட்டுக்கொடுக்கத்தான் மனம் வரவில்லை. கடைசியில் மனைவியே முத்திரை ஒட்டிய உறையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

பதில் மூன்று வாரத்தில் வந்தது. ஜக்கெட்டைத் தரும்படி அவர் கேட்கவில்லை. தகப்பன் கப்பலேறிய பிறகு பிறந்தவர் அவர். வீட்டில் இருப்பது முகம் மட்டும் தெரியும் ஒரு படம். கைகளின் நீளம் எவ்வளவு, தோள் எவ்வளவு அகலம் என்று அளந்து எழுத முடியுமா என்று கேட்டிருந்தார்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஜக்கெட்டை விரித்தோம். மனைவி நாடாவைப் பிடித்தாள், நான் எழுதினேன். தோள் 18 அங்குலம், கை 24. கழுத்து மடிப்பில் தலைக்குப் பூசிய எண்ணெயின் கறை இருந்தது. அதையும் எழுதினேன். எழுதி முடித்த கடிதத்தை உறையில் போடாமல் ஜக்கெட்டின் பையில் வைத்தேன்.

தபாலகத்தில் சுங்கப் படிவம் தந்தார்கள். பொருள் என்ற இடத்தில் 'பாவித்த உடுப்பு' என்று எழுதினேன். பெறுமதி என்ற இடத்தில் பேனையை வைத்துக்கொண்டு நின்றபோது, வரிசையில் பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.