பெட்டியில் விழுந்த துண்டுச் சீட்டு

தாராவியில் 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், இரும்பு ஏணி வழியே ஏறிச் சேர வேண்டிய மாடியறை அது. ஞாயிறு பிற்பகலில் முதலில் பெண்களுக்கு ஒரு மணி நேரம், பிறகு பையன்களுக்கு ஒரு மணி நேரம். இரு வகுப்புக்கும் பொதுவானது ஒரு பிஸ்கட் டப்பா மட்டுமே. மூடியில் கத்தியால் கீறிய துளை உண்டு. வாய்விட்டுக் கேட்கக் கூசுபவர்கள் எழுதிப் போடலாம். பெயர் எழுதக் கூடாது.

பெண்களுக்கு வகுப்பெடுப்பவளுக்கு வயது 19. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம் அவளுடையது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவள் அக்கா. மராத்திப் பெண்களுக்குத் தாயி. பீகாரிலிருந்து வந்தவர்களுக்குத் தீதி. முதல் மாதத்தில் அவளைத் திணறடித்தது எச்.ஐ.வி. பற்றிய அறிவியல் அன்று, சொற்கள். மூன்று மொழிகள் அறிந்தவள். ஆனால் உடலுறுப்பு ஒவ்வொன்றுக்கும் மூன்றிலும் பாடநூல் சொல் ஒன்று இருந்தது, வசைச்சொல் ஒன்று இருந்தது, இடையில் வேறெதுவும் இல்லை. பாடநூல் சொல்லைச் சொன்னால் யாருக்கும் புரியவில்லை. மற்றதைச் சொன்னால் அறை சிரித்து ஓய்ந்து, மறு வாரம் இரண்டு தாய்மார்கள் ஏணியேறி வந்தார்கள். கடைசியில் ஆங்கிலச் சொற்கள் கைகொடுத்தன. ஆய்வுக் கட்டுரைகளில் ‘பண்பாட்டுத் தடை’ என்ற ஒற்றைத் தொடருக்குள் அடங்கிவிடும் செய்தி, அந்த அறையில் இத்தனை பாடு படுத்தியது.

பள்ளி இதைச் செய்திருக்கலாம். 2005இல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 2007இல் மகாராஷ்டிரம் உட்படப் பல மாநிலங்கள் அதை நிறுத்தின. பாடப்படங்கள் ஆபாசமானவை, பண்பாட்டுக்குப் பொருந்தாதவை என்பன சொல்லப்பட்ட காரணங்கள். அதன் விளைவு எளிதில் அளக்கக்கூடியதன்று. ஆயினும் 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், எச்.ஐ.வி. பற்றி முழுமையான அறிவுடையோர் பெண்களில் ஏறத்தாழ 22 விழுக்காடு, ஆண்களில் 31 விழுக்காடு மட்டுமே. சென்னையில் முதல் தொற்றுகள் கண்டறியப்பட்ட 1986க்குப் பின் மூன்று பதிற்றாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட நிலையில் இது.

சுவரொட்டிகள் இன்னமும் கொசுவைப் பற்றியும் கைகுலுக்கலைப் பற்றியும் பேசுகின்றன. டப்பாவிலோ கொசு வருவதே இல்லை. “மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார். டெஸ்ட் எடுக்கச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடுமா?” என்று ஒரு சீட்டு. “மாத்திரை சாப்பிட்டால் பிள்ளைக்கு வராதாமே, உண்மையா?” என்று இன்னொன்று. இரண்டாவதற்கு விடை எளிது: கருவுற்ற காலத்திலேயே கண்டறிந்து, தாய் தவறாமல் மருந்து எடுத்துக்கொண்டால், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. முதலாவதற்கு அவளிடம் விடை இல்லை. சட்டப்படி எவரையும் அவர் ஒப்புதலின்றிச் சோதிக்க முடியாது என்பதைச் சொன்னாள். கேட்டவளுக்குத் தேவைப்பட்டது சட்டம் அன்று.

பிப்ரவரியில் ஒரு சீட்டு வந்தது. பையன் கையெழுத்து. “என் நண்பனுக்கு வயது 17. போன வாரம் தப்பு நடந்துவிட்டது. ஆணுறை இல்லை. என்ன செய்வது?”

அவளும், பையன்களுக்கு வகுப்பெடுக்கும் 21 வயது இளைஞனும் அந்தச் சீட்டோடு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்கள். தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த நேரம் போய்விட்டது. பரிசோதனைக்கு, 18 நிரம்பாதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ ஒப்ப வேண்டும். ஆலோசகரிடம் மனம் திறந்து சொன்னாலோ, போக்சோ சட்டப்படி அவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். குழந்தைகளைக் காக்க வந்த சட்டம்தான், அதில் ஐயமில்லை. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டமும் இரக்கமற்றதன்று: தொற்றால் பாதிக்கப்பட்ட குடும்பத்தை நடத்தும் 12 வயதுப் பிள்ளை, உரிய பக்குவம் இருந்தால், தன் தம்பி தங்கையரின் பள்ளிச் சேர்க்கைக்கும் சிகிச்சைக்கும் காப்பாளராகலாம் என்கிறது. தம்பியின் சிகிச்சைக்கு ஒருவன் பொறுப்பேற்கலாம். தன் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்ல 18 வரை காத்திருக்க வேண்டும்.

‘இளைஞர் தலைமையிலான’ என்ற அடைமொழி திட்ட அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. இந்த இருவருக்கும் கிடைப்பது மாதச் சிறு மதிப்பூதியம். கிடைக்காதது, எதையும் தீர்மானிக்கும் இடம். இந்தத் தடையை அவர்கள் தங்கள் நிறுவனத்தின் கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது, அது குறித்துக்கொள்ளப்பட்டது. அடுத்த பொருள், வாடகை.

அடுத்த ஞாயிறு, யாரையும் பார்க்காமல், அவன் பொதுவாக விடை சொன்னான். நண்பனுக்கு நம்பிக்கையான பெரியவர் ஒருவர் இருந்தால், சித்தப்பாவோ அத்தையோ, முதலில் அவரிடம் சொல்லட்டும். அவர் மூலம் அம்மாவிடம் பேசலாம். தேவைப்பட்டால் நாங்களும் வருவோம். தொற்று இருந்தாலும் மருந்து இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டால் நெடுநாள் நலமாக வாழலாம்.

மூன்று வாரம் கழித்து அதே கையெழுத்தில் இன்னொரு சீட்டு விழுந்தது. “வீட்டில் சொல்ல முடியாது. அவனுக்கு 18 முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.”