அடுத்தவர் வீட்டுத் தோட்டம்

இங்கிலாந்தில் குளிர் விட்டு வசந்தம் எட்டிப் பார்த்ததும், பேருந்து ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுத் தோட்டத்தைப் பார்க்கக் கிளம்பிவிடும் கூட்டங்கள் உண்டு. அவர்கள் போவது பூங்காவுக்கல்ல, ஒரு குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்கு! வாசலில் மஞ்சள் நிற அறிவிப்பு மாட்டியிருக்கும். கட்டணம் கட்டி உள்ளே போகலாம். அந்தக் காசு செவிலியர் பணிகளுக்கும் மருத்துவத் தொண்டு அமைப்புகளுக்கும் போகிறது.

தோட்டத்துக்கும் செவிலியருக்கும் என்ன சம்பந்தம்? 1859-ல் லிவர்பூலைச் சேர்ந்த வில்லியம் ராத்போன் என்ற வணிகர், தன் மனைவியைக் கடைசி நாட்களில் கவனித்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற செவிலியரை, ஏழைகளின் வீடு தேடிப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்கு அமர்த்தினார். அந்த ஏற்பாடு நாடெங்கும் பரவியது. ஆனால் சம்பளத்துக்குப் பணம் வேண்டுமே! அரசின் இலவச மருத்துவச் சேவை வந்தது 1948-ல்தான். அதுவரை பெரும்பாலும் நன்கொடைதான் கதி.

1926-ல் எல்ஸி வாக் என்ற பெண்மணி ஒரு யோசனை சொன்னார். நல்ல தோட்டங்கள் எல்லாம் சொந்தக்காரர்களின் கண்ணுக்கு மட்டும் பூத்து உதிர்கின்றன. அவற்றைத் திறந்துவிட்டுத் தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கலாமே என்பதுதான் அது. மறு வருடமே, 1927-ல், 609 தோட்டங்கள் திறந்தன. மன்னரின் சாண்ட்ரிங்ஹாம் தோட்டமும் அதில் ஒன்று. சேர்ந்த தொகை 8,000 பவுண்டுக்கும் மேல். ஷில்லிங்காக மாற்றினால் 1,60,000-ஐத் தாண்டும்!

எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட் தன் சிசிங்ஹர்ஸ்ட் தோட்டத்தை 1938 மே மாதம் இப்படித் திறந்தார். வந்தவர்களுக்கு அவர் வைத்த செல்லப்பெயரே 'ஷில்லிங்காரர்கள்' என்பதுதான். அதில் கொஞ்சம் மேட்டுக்குடிக் கேலி இருந்தாலும் அவர்களோடு செடிகளைப் பற்றிப் பேசுவது அவருக்குப் பிடித்திருந்தது.

உண்மையில் மாளிகைத் தோட்டங்களை விடச் சின்ன வீட்டுத் தோட்டங்களில்தான் சுவாரசியம் அதிகம். முக்கால் மணி நேரமாவது சுற்றிப் பார்க்க விஷயம் இருக்க வேண்டும் என்பது ஒரு கணக்கு. அதற்கு இடம் போதாத வீட்டுக்காரர்கள் அக்கம்பக்கத்தாரோடு கூட்டுச் சேர்ந்து ஒரே நாளில் திறப்பார்கள். குழுவாக வருபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வேறு நாளில் வரும் வசதியும் பல தோட்டங்களில் உண்டு. அப்போது சொந்தக்காரரே கூட வந்து, எந்தச் செடி எத்தனை முறை செத்துப் பிழைத்தது என்று கதை சொல்வார். வீட்டில் செய்த கேக்கும் தேநீரும் கிடைக்கும். கேக்குக்காகவே வருபவர்களும் உண்டு என்பது ஊரறிந்த ரகசியம்!

தேதிதான் பெரிய தலைவலி. எந்தத் தோட்டம் என்று திறக்கும் என்பதைப் பல மாதங்களுக்கு முன்பே மஞ்சள் அட்டைப் புத்தகத்தில் அச்சடித்துவிடுகிறார்கள். பூவுக்கு அந்தத் தேதி தெரியுமா? பிப்ரவரியில் பனித்துளிப் பூ, மார்ச், ஏப்ரலில் டாஃபடில், பிறகு டியூலிப் என்று பொதுவாக ஒரு வரிசை இருந்தாலும், குளிர் இரண்டு வாரம் நீண்டால் எல்லாம் தள்ளிப்போய்விடும். பேருந்து வந்து நிற்கும்போது மொட்டுகள் மட்டும் இருந்தால் வீட்டுக்காரர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார், பாவம்.

1948-க்குப் பிறகு, இனி அரசே பார்த்துக்கொள்ளுமே என்று கடையைக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. ஓய்வுபெற்ற செவிலியர்களுக்கு உதவி தேவைப்பட்டது. பின்னர் புற்றுநோயாளிகளைக் கவனிக்கும் மேக்மில்லன் செவிலியர்களுக்கும் பணம் போகத் தொடங்கியது.

2020 வசந்தத்தில் கொரோனா ஊரடங்கு வந்து எல்லாத் தோட்டக் கதவுகளையும் மூடியது. செவிலியர்களுக்கு வேலை குவிந்த அதே நேரத்தில் அவர்களுக்குப் போகும் வருமானம் நின்றது. பூக்கள் மட்டும் வழக்கம்போலப் பூத்தன. சொந்தக்காரர்கள் தங்கள் தோட்டத்தைத் தாங்களே சுற்றி வந்து படம்பிடித்து இணையத்தில் காட்டினார்கள். வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு நன்கொடை அனுப்பினார்கள். கேக் மட்டும் கிடைக்கவில்லை.