திடீர்ச் செலவும் கிரெடிட் கார்டு கடனும்

போன தடவை கிரிக்கெட், அதற்கு முன்னால் ரயில் பயணம் என்று கைக்கு வந்ததை எழுதியாச்சு. இந்தத் தடவை கொஞ்சம் படிப்பு சம்பந்தப்பட்ட விஷயம். பயப்படாதீங்க, ஜர்னல், லெட்ஜர் எல்லாம் கிடையாது :-)

கார்டு கடனை மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கும் கணவன் மனைவிக்குத் திடீரென்று ஒரு செலவு வந்தால் என்ன செய்வது? என்னை மாதிரி பி.காம். பசங்களைக் கேட்டால் பதில் ரெடியாக இருக்கும். அதிக வட்டிக் கடனை முதலில் அடை, கையில் காசை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதே.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. நம் ஊர் கார்டுகள் பலவற்றில் வட்டி மாதத்துக்கு 3.5% வரை போகிறது. அந்த வட்டிக்கு மேல் 18% ஜி.எஸ்.டி. வேறு. பாக்கி 80,000 ரூபாய் என்றால் ஒரு மாத வட்டி 2,800, வரி 504. மாதம் 10,000 கட்டினாலும் அசலில் 6,700 கூடக் குறையாது. முழு பாக்கியையும் கட்டாதவரை புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாத நாட்களும் கிடையாது, தேய்த்த நாளிலிருந்தே மீட்டர் ஓடும். 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

திருச்சியில் இருக்கும் என் பெரியம்மா மகளும் மாமாவும் இந்தக் கணக்குப்படிதான் நடந்தார்கள். கல்யாணமான புதிதில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் எல்லாம் கார்டில் வாங்கியது. சம்பளம் வந்ததும் வீட்டுச் செலவு போக மிச்சத்தை அப்படியே கார்டுக்குக் கட்டிவிடுவார்கள். அவசரம் வந்தால் மறுபடி கார்டில் தேய்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

மாமாவின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து கை எலும்பு முறிந்தது. பக்கத்தில் இருந்தது சின்ன கிளினிக். கார்டு வாங்க மாட்டார்கள். 18,000 ரூபாய் ரொக்கமாக வேண்டும். கார்டில் பணமாக எடுத்தால் பல கார்டுகளில் 2.5% அல்லது 500 ரூபாய், எது அதிகமோ அது கட்டணம், வட்டியும் அன்றைக்கே ஆரம்பம். மாமா ஆபீஸ் நண்பரிடம் கைமாற்று வாங்கினார். அக்காவிடம் சொல்லவில்லை. அக்காவும் சளைத்தவள் இல்லை, சித்தி வீட்டு விசேஷத்துக்கு 6,000 ரூபாய்க்குப் புடவை எடுத்ததை மாமாவிடம் சொல்லவில்லை.

ஒரே வாரத்தில் ஸ்டேட்மென்டும் வந்தது, அந்த நண்பரும் வீட்டுக்கு வந்தார். அப்புறம் பத்து நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பெரியம்மா என்னிடம் போனில் அழுதது இன்னும் நினைவிருக்கிறது. "காசு போனா சம்பாதிச்சுக்கலாம்டா, இதுங்க ரெண்டும் இப்படி ஒளிச்சு வைக்குதுங்களே" என்றார்.

பாடப்புத்தகம் இதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று எனக்குத் தோன்றியது. கையில் ரொக்கமே இல்லாத வீட்டில் ஒவ்வொரு திடீர்ச் செலவும் ஒரு ரகசியமாக மாறிவிடுகிறது.

சமாதானம் ஆனதும் முதலில் அக்காவின் இரண்டு வளையலை வங்கியில் வைத்து நண்பரின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த நான்கு மாதம் கார்டுக்குக் கட்டுவதை 10,000-லிருந்து 6,500 ஆகக் குறைத்தார்கள். மினிமம் தொகைக்குக் கீழே போகவில்லை. மிச்சம் 14,000 ரூபாய் தனி சேமிப்புக் கணக்கில். அந்தப் பணத்தைக் கார்டில் கட்டாமல் வைத்திருப்பதால் மாதம் 578 ரூபாய் நஷ்டம் என்று நான்தான் கணக்குப் போட்டுக் காட்டினேன். "சண்டை இல்லாம இருக்க மாசம் 578 ரூபாய் ஜாஸ்தியா?" என்று கேட்டாள் அக்கா. நான் வாயை மூடிக்கொண்டேன்.

இன்னும் இரண்டு ஏற்பாடு. 2,000 ரூபாய்க்கு மேல் எந்தச் செலவானாலும் முதலில் போன். ஸ்டேட்மென்ட் வரும் நாளில் இருவரும் நோட்டுடன் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தபோது, போன வருஷத்து "திடீர்" செலவுகளில் பாதி திடீரே இல்லை என்று தெரிந்தது. மொய்க்குப் பத்திரிகை ஒரு மாதம் முன்பே வந்துவிடுகிறது. வண்டி டயர் தேய்வதும் கண்ணுக்குத் தெரிகிறது. இதற்கெல்லாம் இப்போது மாதம் 1,000 தனியாக.

போன மாதம் மாமாவின் வண்டி இன்ஜின் வேலைக்கு 5,800 ஆனது. அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்தார்கள், மறுநாள் சாதாரணமாக விடிந்தது.

இப்போது வீட்டில் ஓடும் விவாதம், கார்டா வளையலா, எதை முதலில் முடிப்பது என்பது. நகைக்கடன் வட்டி கார்டு வட்டியில் பாதி கூட இல்லை, அதனால் கார்டுதான் என்கிறேன் நான். பொங்கலுக்குள் வளையல் கைக்கு வர வேண்டும் என்கிறாள் அக்கா. நீங்க யார் பக்கம்?