6,92,088-ஆம் பைட்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தூத்துக்குடி மாவட்டமே மிதந்தது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தண்ணீர் வடிந்த பிறகும் டீக்கடையில் ஒரே பேச்சுதான்: எந்தத் தெரு மேடு, எந்தத் தெரு பள்ளம்? எனக்குப் பிழைப்பு கணினி. நிலமட்டத்தைச் சொல்லும் கோப்பு ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைத்தது.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்த உயரங்கள் அவை. ஒரு பாகைச் சதுரத்துக்கு ஒரு கோப்பு. நம்முடையதன் பெயர் என்08இ078. வடக்கே 8 முதல் 9 பாகை, கிழக்கே 78 முதல் 79. உள்ளே 1201 வரிசை. வரிசைக்கு 1201 எண். எண்ணுக்கு 2 பைட். ஆக மொத்தம் 28,84,802 பைட். முன்னால் தலைப்பு கிடையாது, இடையில் காற்புள்ளி கிடையாது. வடமேற்கு மூலையில் தொடங்கி, வரிசை வரிசையாகத் தெற்கே இறங்கும் வெறும் எண்கள்.

அந்தச் சதுரத்தில் தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு என்று மேற்கு ஓரமாக ஒரு துண்டு கரைதான் இருக்கிறது. மற்றதெல்லாம் மன்னார் வளைகுடா. ரேடார் தண்ணீருக்குள் பார்க்காது. அதனால் கடலடியில் கிடக்கும் தொலாயிரம் பார் முதலான முத்துப்பார்கள் அத்தனையும் இந்தக் கோப்பில் 0.

தூத்துக்குடி நகரின் எண்ணை எடுக்கக் கணக்குப் போட்டேன். நகரத்தை வடக்கே 8.76, கிழக்கே 78.13 என்று வைத்துக்கொண்டால், மேல் விளிம்பிலிருந்து 0.24 பாகை கீழே. பாகைக்கு 1200 படி என்பதால் 288 வரிசை தாண்ட வேண்டும்; பிறகு இடமிருந்து 156 எண் தாண்ட வேண்டும். (288 × 1201 + 156) × 2 = 6,92,088. சி மொழியில் எஃப்சீக் என்ற செயற்கூறுக்குக் கோப்பையும், இந்த எண்ணையும், 'தொடக்கத்திலிருந்து எண்ணு' என்ற குறியையும் கொடுத்தால் அந்த இடத்தில் போய் நிற்கும். அடுத்து எஃப்ரீடு இரண்டு பைட்டை எடுக்கும். இந்தக் கோப்பில் பெரிய பைட் முதலில் வரும். இன்டெல் சில்லு சிறியதை முதலில் எதிர்பார்க்கும். மாற்றிப்போட்டால் உயரம் மீட்டரில் வந்துவிடும்.

தெரு வழக்கை இது தீர்க்காது. அளவையில் 16 மீட்டர் வரை பிழை இருக்கலாம் என்பதே அந்த விண்ணோட அளவைத் திட்டத்தின் வரையறை. மேடு பள்ளம் பார்க்க லெவல் கருவியோடு தெருவில் இறங்கத்தான் வேண்டும். ஆனால் வேறொரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஓர் எண்ணைப் படிக்க இரண்டு அழைப்பு எதற்கு? போவது தனி, படிப்பது தனி என்று பிரித்தது யார்?

முதலில் 1989-இல் வந்த சி மொழித் தரத்தைப் புரட்டினேன். தொடக்கம், தற்போதைய இடம், முடிவு என்ற மூன்று புள்ளிகளுக்கும் அதில் பெயர் உண்டு. எழுத்துக் கோப்பில் இஷ்டப்பட்ட எண்ணுக்குத் தாவக் கூடாது, நிற்கும் இடத்தைச் சொல்லும் எஃப்டெல் முன்பே சொன்ன இடத்துக்கோ தொடக்கம், முடிவுக்கோதான் போகலாம் என்கிறது. வரி முடிவை ஒவ்வோர் இயங்குதளமும் ஒவ்வொரு விதமாக எழுதுவதே காரணம். பைனரிக் கோப்பில் அந்தத் தடை இல்லை. ஒரே கோப்பில் எழுதிவிட்டு உடனே படிக்கப் போனால் நடுவில் ஓர் எஃப்சீக்கோ, தேங்கியதைக் கோப்புக்குத் தள்ளும் எஃப்ஃபிளஷோ வேண்டும் என்ற விதியும் அங்கேதான். ஆனால் பிரிவினைக்கான காரணம் அதில் இல்லை. தரம் எழுதியவர்கள் இருந்ததை ஒழுங்குபடுத்தினார்கள், அவ்வளவுதான்.

அதற்கு முன் பெல் ஆய்வகம். அங்கே 1970-களின் தொடக்கத்தில் மைக் லெஸ்க் எழுதிய உள்ளீடு-வெளியீட்டுத் தொகுப்புதான் பின்னர் செப்பனிடப்பட்டு சி-யின் நிலையான நூலகமானது. அதன் அடியில் நேராக இயங்குதளத்தைக் கூப்பிடும் எல்சீக் இருக்கிறது. 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் கையேட்டில் அது நீள எண்ணை வாங்குகிறது. 1975-இன் ஆறாம் பதிப்பில் வெறும் சீக். வாங்குவது 16 பிட் எண். அதைக் கொண்டு 65,535-க்கு மேல் எண்ண முடியாது. கோப்புகளோ அதைத் தாண்டி வளர்ந்துவிட்டன. அதனால் தொடக்கம், தற்போதைய இடம், முடிவு ஆகியவற்றுக்கான 0, 1, 2 என்ற மூன்று குறிகளோடு 3, 4, 5 என்றும் மூன்றைச் சேர்த்தார்கள். அவற்றைக் கொடுத்தால் எண்ணை 512-ஆல் பெருக்கிக்கொள்ளும்.

1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் பதிப்புக் கையேட்டில் சீக் அழைப்பின் எண் 19. 0, 1, 2 மூன்றும் அன்றே இருக்கின்றன. அப்போது ஒரு கோப்பு 64 கிலோபைட்டுக்கு மேல் போகாது. 16 பிட் தாராளம். 32 பிட் இன்டெல் லினக்ஸில் எல்சீக்கின் எண் இன்றும் 19. பின்னால் நீள எண்ணும் போதாமல் 214 கோடி பைட்டில் முட்டி நின்றது. 1996-இல் நிறுவனங்கள் கூடி 64 பிட்டுக்கு வழி செய்தன. எண் பெருத்துக்கொண்டே போனது. இரண்டு அழைப்பு மட்டும் அசையவில்லை.

விடை யூனிக்ஸுக்கும் முந்தையது. 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட ரேமாக் வட்டகத்தில் 24 அங்குலத் தட்டுகள் 50; கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. அத்தனை தட்டுக்கும் சேர்த்து நகரும் கை ஒன்றுதான். அது மேலும் கீழும் போய்த் தட்டைப் பிடித்து, பிறகு உள்ளே நுழைந்து தடத்தைப் பிடிக்க வேண்டும். சராசரியாக 600 மில்லி விநாடி, அதாவது அரை விநாடிக்கும் மேல். அந்த வகை வட்டகத்தை ஐபிஎம் 650 கணினியோடு இணைத்தபோது தேடு, படி, எழுது என்று மூன்று தனிக் கட்டளைகள் வைத்தார்கள். தேடச் சொல்லிவிட்டால் கை நகரும் நேரத்தில் கணினி வேறு கணக்கைப் பார்க்கலாம். முத்துக்குளிப்பில் தோணி பாருக்குப் போய்ச் சேர்வது ஒரு வேலை, கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்குவது வேறு வேலை என்பது போலத்தான். தூரம் இருக்கும் இடத்தில் பயணத்தைத் தனியாகத்தான் எண்ணுவார்கள்.

இன்று என் மடிக்கணினியில் கை இல்லை, சுழலும் தட்டும் இல்லை. பயணம் போய்விட்டது, பிரிவினை மட்டும் மிச்சம். அதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரே நிரலில் பக்கம் பக்கமாக ஓடும் இரண்டு இழைகள் ஒரே கோப்பைப் பகிர்ந்தால், ஒன்று இடம் பார்த்து நின்றதும் மற்றொன்று வந்து அதை நகர்த்திவிடும். முதல் இழை தூத்துக்குடி என்று நினைத்துக் கடலின் 0-வை எடுத்துக்கொண்டு போகும். இடத்தையும் படிப்பையும் ஒரே அழைப்பில் சேர்த்த பிரீடு இதற்காகவே இருக்கிறது. நானும் இப்போது ஓர் இழை மட்டும் படிக்கும் நிரலில் எஃப்சீக் எழுதுகிறேன். பல இழை வந்தால் பிரீடுக்கு மாறிவிடுகிறேன். 1956-இன் காரணம் இல்லாத இடத்தில் அதன் வழக்கத்தைச் சுமக்க வேண்டியதில்லை.