நாளைக்குப் பார்க்க ஒன்று



அமெரிக்காவில் இருக்கும் தம்பி மகன் வீட்டிலேயே பீர் தயாரிக்கிறான். சொந்த உபயோகத்துக்கு அங்கே 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. நம் மாநிலத்தில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். யாரும் முயற்சி செய்ய வேண்டாம்!

"கடையில கிடைக்காதாடா?" என்று கேட்டேன்.

"கிடைக்கும் பெரியப்பா. காசும் பெரிசா மிச்சமாகாது. ராத்திரி ஈஸ்ட் போட்டுட்டு, காலையில நுரை கட்டியிருக்கான்னு ஓடிப்போய் பார்ப்பேன். அதுக்காகத்தான்."

எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. ஆனாலும் அவன் சொன்னது புரிந்தது.

தாம்பரத்தில் தெருவுக்குத் தெரு பாக்கெட் மாவு கிடைக்கிறது. மனைவிக்குத் தோள்வலி வந்த பிறகு, அதை வாங்கிக்கொள்ளலாம் என்றாள். நான் கேட்கவில்லை. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து ஊறவைத்து, நானே கிரைண்டரில் அரைக்கிறேன். உப்புப் போட்டுக் கையால் கரைத்து வைத்தால், சித்திரை வெயிலில் பொங்கி வழியும். மார்கழியில் போர்வை போர்த்திக் கெஞ்ச வேண்டும்! அவனுக்கு ஈஸ்ட், எனக்கு லூகோனாஸ்டாக் என்கிற பாக்டீரியா. இரண்டும் மாவுச்சத்தில் பிறந்த சர்க்கரையைத் தின்று வாயுவை விடுகின்றன. நாம் தூங்கும்போதும் அவை வேலை பார்க்கின்றன.

பள்ளிக்கூட மணி நின்ற பிறகு எனக்கு எல்லாக் காலையும் ஒன்றுபோல் ஆகியிருந்தது. இப்போது எழுந்ததும் மூடியைத் திறந்து பார்க்க ஒன்று இருக்கிறது. மிச்ச மாவு எதிர்வீட்டுக்குப் போகிறது. அவன் பாட்டில்களும் அப்படித்தானாம்.

வயதானவர்களிடம் "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்காதீர்கள். அந்த வேலைக்காகத்தான் சிலர் விடியலில் எழுகிறோம்.