டயகமவில் நான் படித்த கதைப்புத்தகம்

தலவாக்கலையில் பஸ் மாறி, லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக டயகமவுக்குப் போகும் பாதை வளைந்து வளைந்து ஏறிக்கொண்டே இருக்கும். இருபுறமும் தேயிலை. உயரே ஹோட்டன் சமவெளியின் காடு. 2012ஆம் ஆண்டு தை மாதத்தில் அந்தப் பஸ்ஸில் குளிரில் நடுங்கிக்கொண்டு போனேன். என் பையில் ஒரு கடுதாசி இருந்தது. அதில் என் கையெழுத்தும் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியாது.

என் அம்மா டயகமவில் ஒரு லயத்தில் பிறந்தவர். 1977 கலவரத்தின் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் பிறந்து வளர்ந்தது கிளிநொச்சியில். 2009இல் என் கணவர் காணாமல் போனார். அவரைத் தேடி ஏறி இறங்கிய அலுவலகங்களில் ஒன்றில்தான் அந்தக் கடுதாசியை நீட்டினார்கள். முழுவதும் சிங்களம். "காணவில்லை என்று பதிவதற்குத்தானே?" என்று கேட்டேன். தலையாட்டினார்கள். கையெழுத்திட்டேன்.

டயகமவில் பெரியம்மாவின் மகள், என் அக்கா, இருந்தார். சின்ன வயதில் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போய்ச் சிங்களம் பேசப் பழகியவர். எழுத்தை மகனின் பள்ளிக்கூடப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். கடுதாசியை வாசித்துச் சொல்லும்படி கேட்டேன். அக்கா அதைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நான் வாசிச்சா நான் சொன்னதாத்தான் இருக்கும் தங்கச்சி. நீயே வாசி. ரெண்டு மாசம் இங்கதானே இருக்கப் போற."

அடுத்த நாள் அக்கா என் கையில் வைத்த புத்தகம், மார்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய 'மடோல் தூவ'. உபாலி, ஜின்னா என்ற இரு பையன்கள் வீட்டை விட்டு ஓடி, தென்பகுதியில் ஆளில்லாத ஒரு தீவில் பயிர் செய்து வாழும் கதை. அதன் தமிழ் மொழிபெயர்ப்பும் அக்காவிடம் இருந்தது. இரவில் தமிழில் ஒரு அத்தியாயம்; மறுநாள் அதே அத்தியாயத்தில் சிங்களத்தில் ஐந்து வரி. கதை முன்பே தெரிந்திருந்ததால் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தேட வேண்டியிருக்கவில்லை. திரும்பத் திரும்ப வரும் சொல்லை மட்டும் கொப்பியில் எழுதினேன்.

முதல் இரண்டு வாரம் எழுத்தோடு போராட்டம். நமக்கு ஒரே ஒரு 'க'. அவர்களுக்கோ வன்மையான ஒலிக்கு ஓர் எழுத்து, மென்மையான ஒலிக்கு வேறோர் எழுத்து. நான் தவறாக வாசிக்கும்போதெல்லாம் அக்காவின் மகன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

ஆனால் எழுத்தைத் தாண்டியதும் தெரிந்த முகங்கள் வந்தன. கடை அங்கே 'கடே'. காசு 'சல்லி'. அக்கா அக்காவேதான். போர்த்துக்கேயர் விட்டுப்போன மேசையும் அலுமாரியும் சப்பாத்தும் இரு மொழியிலும் இருக்கின்றன. வினைச்சொல் நம்மைப் போலவே வசனத்தின் கடைசியில் வருகிறது. டயகம என்ற ஊர்ப் பெயரின் கடைசியில் நிற்கும் 'கம' என்பதே சிங்களத்தில் கிராமம்தான்.

இன்னொன்றும் கண்டேன். பேச்சில் நான் போனாலும் அவன் போனாலும் 'கியா' ஒன்றுதான். புத்தகத்திலோ 'நான் போனேன்' என்பது 'கியெமி'. நமது 'போனேன்' போல, யார் போனது என்பதைச் சொல்லின் முடிவே காட்டிவிடும். பேசத் தெரிந்த பலர் அரசாங்கக் கடிதத்தின் முன் திணறுவது இதனால்தான். கடிதம் எழுத்து நடையில் இருக்கிறது. கதைப்புத்தகத்தில் இரண்டும் இருக்கின்றன: கதை எழுத்து நடையில், பையன்களின் பேச்சு பேச்சு நடையில்.

சகோதரிகளே, எனக்கு அந்த மொழி அதுவரை சோதனைச்சாவடியில் கேட்ட மொழி. 'நில்', 'போ', 'காட்டு' என்ற கட்டளைகளின் மொழி. அதே மொழியில் இரண்டு பையன்கள் குறும்பு செய்வதையும் பயப்படுவதையும் படித்தபோது என்னையறியாமல் சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

மலையக மண்ணுக்கு இது புதிதல்ல. பூண்டுலோயா மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தைத் தன்வசமாக்கி, தோட்டத் தொழிலாளரின் பாட்டை அந்த மொழியிலேயே கவிதையாக எழுதினார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்கும் போனார்.

ஏழாவது வாரம் கடுதாசியை விரித்தேன். 'இல்லும் பத்ரய', அதாவது விண்ணப்பப் பத்திரம். அடுத்த வரியில் 'மரண சஹதிகய'. மரணச் சான்றிதழ். 'மரண' என்பதற்கு அகராதி தேவைப்படவில்லை. அது நம்முடைய சொல்லும்தான். காணாமல் போனதைக் குறிக்கும் 'அத்துருதஹன்' என்ற சொல்லை மேலிருந்து கீழ்வரை தேடினேன். எங்குமே இல்லை. என் கணவர் இறந்துவிட்டார் என்று நானே கையெழுத்திட்டுக் கேட்டிருந்தேன்.

அந்த விண்ணப்பத்தை நிறுத்தும்படி தமிழில் கடிதம் எழுதினேன். தமிழில்தான் எழுதினேன், தெரிந்தே. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானது உண்மை. ஆனால் 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. பத்திரத்தைத் தமிழில் கேட்பது நமது உரிமை. நாம் சிங்களம் படித்துவிட்டோம் என்பதால் அந்த உரிமை போய்விடாது. காணாமல் போனவரை இறந்தவராக்காமல், காணவில்லை என்றே சான்றிதழ் பெறும் வழியும் 2016இல் சட்டத்தில் வந்தது. மரணச் சான்றிதழ் எடுத்த சகோதரிகளும் இருக்கிறார்கள். அது அவரவர் முடிவு. ஆனால் தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

டயகமவை விட்டுப் புறப்பட்ட காலையில் பனிமூட்டம் லயத்தின் கூரைவரை இறங்கியிருந்தது. அக்கா கொழுந்தெடுக்கப் போகும் அவசரத்திலும் இரண்டு புத்தகங்களையும் என் பையில் வைத்தார். "வாசிச்சு முடிச்சிட்டுக் கொண்டாந்து குடு" என்றார்.

இன்னும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று பெண்கள் சேர்ந்து அதை வாசிக்கிறோம். ஒருத்தி தமிழில் வாசிப்பாள், ஒருத்தி சிங்களத்தில். மூன்றாமவள் தன் மகனைத் தேடுபவள். தனக்கு வந்த கடிதங்களை எல்லாம் ஒரு கோவையில் போட்டு மடியில் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் அதிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, அவளே எழுத்துக்கூட்டுகிறாள்.